கன்ட்ரோல் தட்டில் முதிர்ந்த முட்டைகள்

1

இந்தக் கதை ஃப்ரீசரில் கிடந்த ஒரு காலிக் குழாயிலிருந்து பிறந்தது. மற்றவர்களுக்குக் காதலிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் கதை பிறக்கிறது. எனக்கு வாய்த்தது இவ்வளவுதான்.

முதல் வரியை ஐந்து முறை எழுதினேன். அதில் ஒன்று:

“செம்மறி ஆட்டின் கருமுட்டை ஒரு பெண்ணைப் போலக் காத்திருக்கிறது, தன்னை அழைக்கும்”

(நிறுத்திவிட்டேன். முட்டை என்றாலே கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்த ஆசை வரும். அந்த வேலையை இந்தக் கதை நாயகியின் சித்தி ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறார்.)

2

விஷயம் இதுதான். சூலகத்துக்குள் இருக்கும் முட்டை பாதி வளர்ச்சியில் நின்றுவிடும். மூளைக்கு அடியிலுள்ள சுரப்பி ஒருநாள் ரத்தத்தில் ஹார்மோனைக் கொட்டும். அதன் பிறகுதான் முட்டை முழுதாக முதிரும். [இங்கே இரண்டு பக்கம் இருந்தது. நீங்கள் கொட்டாவி விட்டது கேட்டதால் வெட்டிவிட்டேன்.]

“அவள்” ஆய்வு மாணவி. ஆடு வெட்டும் கூடத்திலிருந்து ஃபிளாஸ்கில் சூலகங்கள் வரும். முட்டைகளை ஊசியால் உறிஞ்சி எடுத்து இரண்டு தட்டுகளில் வைப்பாள். ஒன்றில் ஹார்மோன் சேர்ப்பாள். மற்றதில் சேர்க்கமாட்டாள், அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கன்ட்ரோல் தட்டு. ஒருநாள் கழித்து எண்ணினால் ஹார்மோன் தட்டில் நூற்றுக்கு எண்பது முதிர்ந்திருக்கும், கன்ட்ரோலில் முப்பது.

இந்த முறை எண்பது, எழுபத்தெட்டு.

3

பேராசிரியர் துள்ளிக் குதித்தார். (இல்லை, அவருக்கு முழங்கால் வலி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.)

“ஹார்மோனே இல்லாம முதிர்ந்திருக்கேம்மா! நாலு வருஷம் வாயே திறக்காம இருந்துட்டு இப்போ ஒரே போடா போட்டுட்டியே!”

“சார், இன்னொரு தடவை...”

“திங்கட்கிழமை கருத்தரங்குல இதைத்தான் பேசப்போறேன். உன் பேருதான் முதல்ல.”

அவள் தலையாட்டினாள். [அவள் தலை எதற்கும் ஆடும். பாத்திரப் படைப்பில் இது ஒரு குறை. திருத்தப் பார்த்தேன், அதற்கும் தலையாட்டினாள்.]

4

மறுநாள் ஃப்ரீசரைத் துடைக்கும்போது அந்தக் குழாய் கையில் பட்டது.

முட்டைகளுக்கு உணவாக இரண்டு தட்டுகளிலும் கொஞ்சம் ஆட்டு சீரம் விடுவார்கள். ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீர் அது. விட வேண்டியது சாதாரண ஆட்டின் சீரம், அது ஃப்ரீசரின் மேல் அடுக்கில் இருக்கும். சினைப்பருவத்துக்கு வந்த ஆட்டின் சீரம் கீழ் அடுக்கில். அதில் அந்த ஹார்மோன் இயற்கையாகவே இருக்கும். காலியாகக் கிடந்தது கீழ் அடுக்குக் குழாய்.

லேப் அக்காவிடம் மட்டும் சொன்னாள்.

“அப்போ கன்ட்ரோல்னு ஒண்ணு இல்லவே இல்லையா?”

“இல்லக்கா.”

“அடிப்பாவி! போய்ச் சொல்லுடி.”

“அவர் முகத்தைப் பார்த்தா நாக்கு ஒட்டிக்குதுக்கா.”

“அந்த ஆட்டு முட்டைக்கு இருக்கிற துணிச்சல்கூட உனக்கு இல்லையே.”

“அதுக்கு ஹார்மோன் கிடைச்சுதுக்கா.”

5

முடிவு ஒன்று. அவள் கதவைத் தட்டிச் சொல்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே மன்னிக்கிறார். (மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் கதவுவரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.)

முடிவு இரண்டு. சொல்லவில்லை. அவர் மேடையில் பேசுகிறார். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து, “எந்த சீரம் விட்டீங்க?” என்கிறார். பேராசிரியர் திரும்பி அவளைப் பார்க்கிறார். அந்தப் பார்வை

(எழுத வரவில்லை.)

முடிவு மூன்று. சோதனையைத் திரும்பச் செய்கிறாள். (திங்கட்கிழமைக்குள் சூலகங்கள் வராது. ஆடு வெட்டும் கூடத்தில் பராமரிப்பு வேலை. கதையின் வசதிக்காக நான் பூட்டவில்லை, உண்மையிலேயே பூட்டிக் கிடக்கிறது.)

6

இதுவரை எழுதியதை அக்கா படித்தார்.

“யாருக்குடி எழுதியிருக்க?”

“வாசகர்களுக்கு.”

“ஒருத்தர் படிச்சாப் போதும்,” என்றார்.

சார், இன்று வெள்ளிக்கிழமை. உங்கள் உரைத்தாள்களின் மேல் இதை வைத்திருக்கிறேன். கன்ட்ரோல் தட்டில் போனது தவறான சீரம். விட்டது நான். வாயால் சொல்லியிருந்தால் ஒரு வாக்கியம், எழுதப்போய் ஆறு பகுதி ஆகிவிட்டது.

வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஏழாவது பகுதி நீங்கள் கூப்பிடும் குரலில் இருக்கிறது. அதை எழுத எனக்குத் தெரியாது.

7