படுக்கைக்கு மேலே கடல்

நான்காவது படுக்கை விரிப்பும் எட்டவில்லை. ருமியானா நாற்காலியின் மேல் நின்று, பெரிய மீன் தொட்டியின் விளிம்பில் விரிப்பின் ஓரத்தைத் துணிக் கவ்விகளால் கடிக்கவைத்துவிட்டு இறங்கினாள். அப்படியும் வலது ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குக் கண்ணாடி தெரிந்தது. அதற்குள்ளிருந்து ஒரு மஞ்சள் மீன் எட்டிப் பார்த்தது. மேசைமேல் கிடத்தியிருந்த அவள் அப்பா ஸ்பாஸின் முகமும் அதே கண்ணாடியில் மங்கலாக விழுந்திருந்தது.

“அங்க பாரு, இன்னும் முகம் தெரியுது,” என்றாள் ஸ்தோயனா அத்தை. அப்பாவின் சித்தப்பா மகள். ஸ்லிவென் ஊரில் சொந்தத்தில் யார் செத்தாலும் முறை சொல்ல முதலில் வந்து நிற்பவள். “செத்தவன் முகம் கண்ணாடியில விழக்கூடாதுடி. அலமாரிக் கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி எல்லாம் நான் மூடிட்டேன். இது ஒண்ணுதான் அடங்க மாட்டேங்குது.”

“மேசை விரிப்பு ஒண்ணு இருக்கு அத்தை. எடுத்துட்டு வரேன்.”

“வீட்டுக்குள்ள ஒரு கடலைக் கட்டி வெச்சிருக்கான். மத்த ஆம்பளைங்க வயசான காலத்துல புறா வளப்பாங்க.”

மேசை விரிப்போடு அந்த ஓரமும் மறைந்தது. விளக்குகளை ருமியானா காலையிலேயே அணைத்துவிட்டிருந்தாள். பம்புகள் மட்டும் விரிப்புகளுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்தன. அந்த உறுமல் தரை வழியாகச் செருப்புக்குள் ஏறியது.

அத்தை மெழுகுவர்த்தியின் திரியை நிமிர்த்தினாள். “அப்புறம், தண்ணி?”

“என்ன தண்ணி?”

“சாவு விழுந்த வீட்டுல நிக்கிற தண்ணியெல்லாம் கொட்டணும். வாளி, கெட்டில், பூ ஜாடி எல்லாம் ஆச்சு.”

“அத்தை, இதுல அஞ்சு டன் இருக்கு.”

அத்தை கன்னத்தில் விரலை வைத்து யோசித்தாள். “சரி, ஒரு குவளை மொண்டு கொட்டு. மீதிய ஆண்டவன் பெரிய மனசு பண்ணி விட்டுருவாரு.”

ருமியானா பின்பக்க மூடியைத் தூக்கி ஒரு குவளை மொண்டாள். பால்கனிக்குப் போய்க் கவிழ்த்தாள். தண்ணீர் நேர் கீழே கொடிப் பந்தலின் திராட்சை இலைகளில் சடசடவென்று விழுந்தது.

“உப்புத் தண்ணியாச்சே. சப்ரியானோட கொடி கருகிடும்,” என்றாள் பின்னாலேயே வந்த அத்தை.

“கருகட்டும்.”

அத்தை காலிக் குவளையை வாங்கிக்கொண்டாள். இந்தப் பால்கனியில் நின்று சப்ரியானுக்காகப் பரிந்து பேச அவளுக்கும் வாய் வராது.

சப்ரியான், ஸ்பாஸின் அண்ணன். தாத்தா கட்டிய வீட்டில் கீழ்த்தளம் அவருக்கு, மேல்தளம் ஸ்பாஸுக்கு. மேலே வரும் அகலமான மரப் படிக்கட்டு கீழ்த்தளத்துக் கூடத்தின் வழியாக வருகிறது. அண்ணன் தம்பிக்குள் முற்றத்துக் கொட்டகையை வைத்துச் சண்டை வந்தபோது சப்ரியான் கூடத்துக் கதவைப் பூட்டிவிட்டார். ஸ்பாஸ் முற்றத்தில் ஓர் இரும்புச் சுருள்படியை நட்டுக்கொண்டார். ஆள் ஏறலாம், மளிகைப் பை ஏறும். சவப்பெட்டி இறங்காது என்று அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில் அம்மா தேனா செத்தாள். அப்பா கீழே போய்க் கூடத்துக் கதவைத் தட்டினார். உள்ளே விளக்கு எரிந்தது. “இது என் பக்கம், உன் பக்கமா இறக்கிக்கோ,” என்று கதவுக்கு அந்தப்புறமிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு ஆட்கள் கயிறு கொண்டுவந்தார்கள். பெட்டியை இந்தப் பால்கனியிலிருந்து இறக்கினார்கள். கயிறு பனியில் வழுக்கியது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து பந்தல் கம்பியில் இடித்தது. உள்ளே அம்மா நகர்ந்த சத்தத்தை, முற்றத்தில் அண்ணாந்து நின்ற ருமியானா கேட்டாள்.

நாற்பதாம் நாள் சடங்கு கழிந்ததும் அப்பா கண்ணாடிக்குச் சொல்லிவிட்டார். கட்டை விரல் தடிமனுள்ள ஐந்து கண்ணாடிகள். கிரேன் வைத்து, அம்மா இறங்கிய பால்கனி வழியாகவே அவற்றை ஏற்றினார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. ஸ்பாஸுக்கு மனைவி போன துக்கத்தில் மண்டை குழம்பிவிட்டது என்றார்கள். தொட்டி எந்த அறையில் வரப்போகிறது, அந்த அறைக்கு நேர் கீழே யாருடைய கட்டில் கிடக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. ரயில் பெட்டிப் பட்டறையில் வெல்டராக இருந்தவர் அப்பா. சப்ரியான் மூட்டுவலிக்கு வெந்நீர் ஊற்றுக்குப் போயிருந்த நாட்களில் தரைப் பலகைகளைப் பெயர்த்து, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை இரும்பு உத்தரங்களைப் பதித்துவிட்டார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ருமியானா. பாரம் முழுவதும் கருங்கல் சுவர்களில் இறங்கியது. சப்ரியானின் கூரைப் பலகையைத் தொட்டி தொடவே இல்லை. நடுவில் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி.

“இத நீ யாருகிட்டயும் சொல்லக்கூடாது,” என்றார் அப்பா, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. “அவன் மேல விழணும்னு எனக்கு ஆசை இல்ல ருமி. விழுமோ விழுமோன்னு அவன் படுத்துக் கிடக்கணும். அது போதும்.”

சப்ரியான் புகார் கொடுத்தார். ஒரு பொறியாளர் வந்து பார்த்து, ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காகிதத்தை ஊரில் எவரும் நம்பாதது போலச் சப்ரியானும் நம்பவில்லை. ஸ்பாஸ் அந்த ஆளை உட்காரவைத்து ராக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்திருப்பான் என்றார். ஊற்றிக் கொடுத்ததும் உண்மைதான். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அண்ணன் தன் பெயர் கொண்ட புனிதரின் திருநாளான பெயர்நாளில் விருந்து வைக்கும் மதியம், மேலே தொட்டியின் ஓரமாக அப்பா ஒரு சுத்தியலைக் கை தவறிப் போடுவார். வார்னா நகரத்திலிருக்கும் ருமியானாவுக்கு அன்று மாலையே போன் செய்வார். “சத்தமே இல்ல கீழ. பாட்டை நிறுத்திட்டாங்க,” என்பார். சிரிப்பை அடக்கிக்கொள்வது போனில் தெரியும்.

இரும்புப் படியில் யாரோ மூச்சு வாங்க ஏறும் சத்தம் கேட்டது. ருமியானா திரும்பினாள். வாசலில் சப்ரியான் நின்றார். இரண்டு வெள்ளைச் சாமந்திகளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டைக்குள் ஆள் பாதியாகி இருந்தார்.

“ஆண்டவன் அவனை மன்னிக்கட்டும்,” என்றார். எல்லாரும் சொல்வதுதான்.

“மன்னிக்கட்டும்,” என்றாள் அத்தை.

ருமியானா விரிப்பின் பக்கம் திரும்பி ஒரு கவ்வியை இறுக்கினாள்.

அவர் பூக்களைத் தம்பியின் காலடியில் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டியின் அடியில் தரை எங்கே தொடங்குகிறது, எங்கேயாவது பலகை வளைந்திருக்கிறதா என்றுதான் கண் போயிற்று. மூன்றடி தள்ளியே நின்றார்.

“கூடத்துக் கதவைத் திறந்து வெச்சிருக்கேன்,” என்றார். “அவன அந்த வழியா இறக்குங்க.”

“பால்கனி இருக்கே பெரியப்பா. எங்களுக்குப் பழக்கம்தான்.”

சப்ரியானின் கையில் தொப்பி சுழன்றது. அத்தை ருமியானாவின் முழங்கையைக் கிள்ளினாள். “சும்மா இருடி. தூக்குறவன் எல்லாம் கிழவன். கயித்துல கட்டி இன்னொருத்தனையும் சேத்துப் பொதைக்கணுமா?”

அப்படித்தான் ஸ்பாஸ் மரப் படிக்கட்டில் இறங்கினார். ருமியானா பெட்டியின் பின்னால் மெழுகுவர்த்தியோடு வந்தாள். கூடத்தின் ஓரத்தில் ஒரு கட்டில் கிடந்தது. கூடத்தில் எதற்குக் கட்டில் என்று நினைத்தபடியே தலையைத் திருப்பினாள். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது.

உள்ளே ஆள் நடக்க இடமில்லை. தரையிலிருந்து கூரை வரை மரத் தூண்கள். சில புதியவை, சில பழைய வண்டிச் சட்டங்கள், ஒன்று பட்டை உரிக்காத ஓக் கிளை. ஒவ்வொன்றின் தலையிலும் ஆப்பு. ஆப்புகளின் மேல் சுத்தியல் அடிபட்டு நார் நாராகப் பிரிந்திருந்தது. தூண்களுக்கு நடுவே ஒரு நாற்காலி, ஒரு டார்ச் விளக்கு.

பெட்டி முன்னால் போய்விட்டது. ருமியானாவுக்கு முதலில் தோன்றியது, இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்பதுதான். அப்பா, அந்த ஆள் கூரைக்கு முட்டுக் கொடுத்துவெச்சிருக்கார் அப்பா, காடு மாதிரி. சொல்ல வாயெடுத்தவளைப் போல உதடு பிரிந்தது. மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது. அவள் விரைந்து நடந்து பெட்டியோடு சேர்ந்துகொண்டாள்.

மயானத்திலிருந்து திரும்பியதும் அதே மேசையில் சாப்பாடு போட்டார்கள். அவித்த கோதுமையில் சர்க்கரை தூவி ஆளுக்கு ஒரு கரண்டி, பீன்ஸ், ரொட்டி, ராக்கியா. குடிக்கும் முன்னால் எல்லாரும் இறந்தவருக்கென்று ஒரு துளி தரையில் சிந்தினார்கள். ஓக்னியான் தொட்டியின் விரிப்பைத் துளி விலக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவைப் போலவே தொட்டியில் கடல் பவளம் வளர்க்கும் ஆள். ஸ்தாரா ஸகோராவிலிருந்து வண்டியும் பீப்பாய்களுமாக வந்திருந்தான். நாளைக் காலையில் உயிருள்ளதை எல்லாம் தன் வீட்டுக்குக் கொண்டுபோகப் பீப்பாய்களில் எடுத்துக்கொண்டு தண்ணீரை வடித்துக் கொடுப்பதாக நேற்றே போனில் பேச்சு. வடித்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ருமியானா ஊருக்குப் போக வேண்டும். பல் மருத்துவரான அவளுக்காக வார்னாவில் ஒரு சிகிச்சை நாற்காலியும், ஒரு கணவனும் காத்திருக்கிறார்கள்.

“இருட்டுல எல்லாம் சுருங்கிப்போச்சு,” என்றான் ஓக்னியான். “இன்னொரு நாள் மூடி வெச்சா தாங்காது. விடியக்காலையில ஆரம்பிச்சுடலாமா?”

“சாப்பிட்டு முடி.”

மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அத்தை தட்டுகளோடு சமையலறைக்குப் போனாள். ஓக்னியான் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்; மேசையின் மறுமுனையில் சப்ரியான் உட்கார்ந்திருந்தார். கோதுமையைத் தொடவில்லை.

“ருமி.”

“சொல்லுங்க.”

“தேனா விஷயத்துல நான் செஞ்சது...” அவர் நிறுத்திக்கொண்டார். விரல்கள் மேசைமேல் இல்லாத பொடியைக் கூட்டிக் குவித்தன. “அத விடு. நான் ஒண்ணு கேக்குறேன். உங்கப்பன் சொன்னா நான் நம்பியிருக்க மாட்டேன். அந்தக் காயிதத்தையும் நம்பல. நீ சின்னப் புள்ளையில இருந்தே பொய் சொன்னதில்ல. நீ கூட நின்னு கட்டுனவ. இது நிக்குமா?”

பம்பு உறுமியது. தொட்டியின் பின்பக்கத்தில் தண்ணீர் இடைவிடாமல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். உத்தரம் இருக்கிறது என்று சொல்லலாம். அதுகூட வேண்டாம், நாளைக்கு வடித்துவிடுகிறோம் என்று சொல்லலாம். இந்த மனிதர் இன்றைக்கே தன் கட்டிலை உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்வார்.

ஓக்னியான் வாயில் ரொட்டியோடு, “அதுக்கென்ன ஐயா, நாளைக்கு...” என்று ஆரம்பித்தான்.

“ஓக்னியான்,” என்றாள் ருமியானா. அவன் மென்றுகொண்டே அவளைப் பார்த்தான்.

அவள் பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“எனக்குத் தெரியல பெரியப்பா. எப்படிக் கட்டுனாருன்னு அப்பாவுக்குத்தான் தெரியும்.”

சப்ரியான் தலையசைத்தார். ஏதோ கணக்கு ஒத்துவந்தது போல மெதுவாக எழுந்தார். போகும்போது சுவரோரமாகவே நடந்தார். பலகை நடுவில் கால் வைக்கவில்லை. மரப் படியில் அவர் இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

“எதுக்கு அப்படிச் சொன்ன?” என்றான் ஓக்னியான். “உத்தரம் கிடக்கே அடியில. ஸ்பாஸ் என்கிட்ட அத எத்தனை தடவை பெருமையா காட்டியிருக்கான். யானைய நிறுத்தலாம் அதுமேல.”

“நாளைக்கு வேண்டாம். நீ பீப்பாயெல்லாம் எடுத்துட்டுக் கிளம்பு.”

“வேண்டாம்னா? இத யாரு பாத்துக்குவா? தினமும் தண்ணி ஆவியாகும், ஊத்தணும். உப்பு பாக்கணும். பாசி வழிக்கணும். ஒரு வாரம் கவனிக்காம விட்டா நாறிடும். இது நாய்க்குட்டி இல்ல ருமியானா, பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போறதுக்கு.”

“எப்படின்னு சொல்லிக் குடுத்துட்டுப் போ.”

அவன் அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு சொல்லிக்கொடுத்தான். அவள் கூடவே நின்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். புரியாததைத் திரும்பக் கேட்டாள். வெற்றுப் பீப்பாய்கள் இரும்புப் படியில் இடித்து இடித்து இறங்கின.

கணவன் போன் செய்தான். “ஞாயித்துக்கிழமை வந்துடுவேல்ல?”

“நாற்பதாம் நாள் வரைக்கும் இங்கதான் இருக்கணும்.”

“சரி. அப்புறம்?”

“அடுப்புல பாத்திரம் இருக்கு,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அத்தை கிளம்பிப் போனாள். போகும்போது விரிப்புகளை நாற்பது நாளைக்கு எடுக்கக்கூடாது என்றாள். அவள் தலை கேட்டைத் தாண்டியதும் ருமியானா கவ்விகளைக் கழற்றினாள். விரிப்புகள் ஒவ்வொன்றாக விழுந்தன. விளக்கைப் போட்டாள். அறையெங்கும் நீலம் பரவியது. பவளங்கள் எல்லாம் முஷ்டி மடக்கியது போலச் சுருங்கியிருந்தன. மஞ்சள் மீன் கண்ணாடி ஓரமாக வந்து அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. தண்ணீர் விளிம்பிலிருந்து நான்கு விரல் இறங்கியிருந்தது.

அவள் கறுப்புச் சட்டையின் கைகளை மடித்துக்கொண்டு, ஓக்னியான் காட்டிக்கொடுத்தபடி வடிகட்டி நிரப்பிவைத்திருந்த அப்பாவின் பீப்பாயிலிருந்து முதல் வாளியை நிறைத்தாள். தூக்கி நாற்காலியில் ஏறி விளிம்பில் சாய்த்தாள். கனமாகத்தான் இருந்தது. இரண்டாவது வாளியை ஊற்றும்போது கீழே சத்தம் கேட்டது. மரத்தில் சுத்தியல். ஆப்பு ஒன்று இறுகும் சத்தம். பிறகு இன்னொன்று.

ருமியானா காலி வாளியோடு அப்படியே நின்றாள். சத்தம் நின்றது. அவள் இறங்கி, அடுத்த வாளியை நிறைத்தாள்.