சோலைமுத்துவின் சமையல் முறை

அன்றைக்கு ஜுபைல் தொழிலாளர் கேம்ப்பின் டிவி ஹாலில் உட்கார இடமில்லை. அமெரிக்காவில் ஒரு கறுப்பர் ஜனாதிபதியாகப் பதவியேற்கிறார். என்னவோ சொந்தப் பங்காளிக்கே பட்டாபிஷேகம் நடப்பது போல, டூட்டி முடிந்த கையோடு எல்லோரும் வந்து குவிந்துவிட்டார்கள். நடுநாயகமாகப் பாண்டித்துரை. சாரம் கட்டும் கூட்டத்துக்கு ஃபோர்மேன். ஊரில் பி.ஏ. வரலாறு படித்து அரியரோடு நிறுத்தியவன். அந்தப் படிப்புக்கு சவூதியில் ஒரு நாள் கிராக்கி வரும் என்று கனவிலாவது நினைத்திருப்பானா? கிடைத்த சந்தர்ப்பத்தை விடவில்லை.

“பஸ்ல முன் சீட்டெல்லாம் வெள்ளக்காரனுக்கு, இவங்க பின்னாடிதான். தண்ணி குடிக்கிற கொழாகூட தனித்தனி. ஒரு பொம்பள எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்தா பாரு, அந்த ஊரு சனமே பஸ்ஸ விட்டுட்டு நடந்துச்சு. இன்னைக்கு எங்க வந்து நிக்கிது பாத்தியா?”

சொல்லும்போதே அவனுக்குக் குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை, நிஜமாகவே அழுகை வந்தது.

ரூமுக்குத் திரும்பியதும் சோலைமுத்து பாண்டித்துரையிடம் கேட்டான்: “அண்ணே, நாளைக்கு நான் சமைக்கட்டுமா?”

பக்கத்துக் கட்டில் விஜயபாஸ்கர் சட்டென்று செல்போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தான். அந்த ரூமில் எல்லோரும் சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள். ஆளுக்கு ஒரு நாள் சமையல். சோலைமுத்துவுக்கு மட்டும் முறை கிடையாது. வெங்காயம்கூட உரிக்க விடுவதில்லை. பாத்திரம் கழுவுவதும் கூட்டுவதும் அவன் பாடு. ‘ஒனக்குச் சமைக்கத் தெரியாதுடா’ என்று அவன் வந்த அன்றே பாண்டித்துரைதான் சொல்லி முடித்துவிட்டான். சமைக்க விட்டுப் பார்த்தால் அல்லவா தெரியும்! சாதி என்ற பேச்சையே யாரும் எடுத்ததில்லை. எடுப்பானேன்? சோலைமுத்து காலனிக்காரன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பாண்டித்துரைக்கு டிவி ஹாலின் சூடு இன்னும் ஆறவில்லை. “தாராளமா சமைடா. இதெல்லாம் கேக்கணுமா?” என்றான். தன்னை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் சைட்டில் மத்தியானத்திலிருந்தே பாண்டித்துரைக்கு ராத்திரிச் சாப்பாட்டு நினைப்புதான். ஊருக்குத் தெரிந்தால்? பெண்டாட்டி சரோஜாவின் அண்ணன்மார் காதுக்குப் போனால் மூஞ்சியில் விழிப்பார்களா? சீ, கடல் தாண்டி வந்தும் இந்தப் புத்தி போகவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டே விஜயபாஸ்கரோடு கேம்ப் வாசலில் இருந்த மலையாளி ஓட்டலுக்குப் போனான். அங்கே அடுப்பில் நிற்பவன் என்ன ஆள் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. அது உறைத்ததும் பிய்த்த பரோட்டாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

ரூமில் மீன் குழம்பு வாசனை ஆளைத் தூக்கியது. சோலைமுத்து குளித்து, நல்ல சட்டை போட்டு, எல்லோருக்கும் தட்டு வைத்துக் காத்திருந்தான்.

“எனக்கு வயிறு சரியில்லப்பா,” என்றான் விஜயபாஸ்கர்.

“நான் சைட்லயே சாப்டுட்டேன்டா,” என்றான் பாண்டித்துரை.

மற்றவர்கள் வந்தே சேரவில்லை.

“சரிண்ணே.” சோலைமுத்து பக்கத்து ரூமுக்குப் போய் ஹைதராபாத்காரர் கௌஸ் முகம்மதுவைக் கூப்பிட்டான். அவர் தன் கூட்டாளிகளோடு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் வாயிலேயே, “அரே வாஹ்!” என்றார். பிறகு கட்டிலில் கிடந்த பாண்டித்துரையைப் பார்த்து, “பாண்டி பாய், ஆவோ! காவோ!” என்று சாப்பிட வரச் சொல்லிக் கையை ஆட்டினார்.

பாண்டித்துரை வாயைத் திறப்பதற்குள் சோலைமுத்து முந்திக்கொண்டான். “அண்ணன் சைட்லயே சாப்டுட்டாரு பாய். விடுங்க.”

குத்தல் இல்லை. குத்திக் காட்டியிருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம். தான் சொன்ன பொய்யையே அவனும் எடுத்துச் சொல்லித் தன் மானத்தைக் காப்பாற்றுகிறானே! பாண்டித்துரை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பஸ் கதை சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. பசி வேறு. பின்னால் சிரிப்பும் தட்டுச் சத்தமுமாக இருந்தது. எவ்வளவு நேரம்தான் பொறுப்பான்? வெடுக்கென்று எழுந்து, தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் நடுவில் நின்றான்.

கௌஸ் முகம்மது கடைசித் துண்டு குபூஸ் ரொட்டியால் சட்டியின் அடியை வழித்துக்கொண்டிருந்தார்.

சோலைமுத்து அந்தத் தட்டைப் பார்த்தான். பிறகு கரண்டியை எடுத்து, ஒன்றுமில்லாத சட்டிக்குள் விட்டுத் துழாவினான்.