ஒழுகிய கூரையும் ஒரு பேருந்து நிறைய நிருபர்களும்

புதுப் பேருந்து நிலையத்தின் கூரை முதல் மழைக்கே ஒழுகியது. அதைப் படத்தோடு எழுதியவள், அந்த ஊர்ச் சிறு பத்திரிகையின் ஒரே நிருபர். அடுத்த நகர்மன்றக் கூட்டத்துக்குப் போனபோது காவலாளி வாசலிலேயே மறித்தார்.

"தலைவர் உத்தரவும்மா. உங்களை மட்டும் உள்ள விடக்கூடாதாம்."

"கூட்டம் எல்லாருக்கும் பொதுதானே அண்ணே?"

"எனக்குத் தெரியுது. அவருக்குத் தெரியணுமே!"

வீட்டில் மாமியார் சமாதானம் பேசினார். "ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வேலையைப் பாரேம்மா."

"ஒழுகினது கூரை அத்தை. நான் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?"

அன்றே அவள் தேசியப் பத்திரிகையாளர் சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். பல வருடங்களாக உறுப்பினர்; இதுவரை எதற்காகவும் அழைத்ததில்லை. செயலாளர் அம்மாளுக்கு வெண்கலக் குரல்.

"சங்க வக்கீல் இன்னைக்கே உங்க தலைவர்கிட்ட பேசுவார். கண்டன அறிக்கையும் போயிடும். அதெல்லாம் இருக்கட்டும், அடுத்த கூட்டம் எப்போ?"

வக்கீல் பேசினார். அறிக்கையும் வந்தது. தலைவர் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கூட்டத்தன்று காலை நகர்மன்ற வாசலில் ஒரு பெரிய பேருந்து வந்து நின்றது. முதலில் செயலாளர் இறங்கினார். பின்னாலேயே விளையாட்டுச் செய்தி எழுதுபவர், சினிமா விமர்சகர், கேலிச்சித்திரக்காரர், தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர் என்று கூட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது. வாசலில் நின்றிருந்த அவள் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள்.

தலைவருக்கோ வாயெல்லாம் பல். நாடே தன்னைப் பார்க்க வந்துவிட்டது என்று நினைத்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு வாசலுக்கே ஓடி வந்தார். "வாங்க, வாங்க! என்ன வேணும்னாலும் கேளுங்க."

விளையாட்டு நிருபர் கையைத் தூக்கினார். "எனக்குப் பந்தைத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க. இவங்களை ஏன் உள்ள விடலை?"

தலைவர் அவசரமாக அடுத்தவர் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"நான் சினிமா பாக்கறவன். இவங்களை ஏன் உள்ள விடலை?"

வானிலைக்காரரும் அதையே கேட்டார். அதற்குள் கேலிச்சித்திரக்காரர் பேனாவைத் திறந்து, தலைவரின் மூக்கை உற்றுப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"இவங்க எங்க ஆளு. இவங்க உள்ள போற வரைக்கும் நாங்க எல்லாரும் வாசல்லயேதான் நிப்போம்" என்றார் செயலாளர்.

தலைவர் முகத்தில் அசடு வழிந்தது. "யாரு விடலைன்னா? ஏம்ப்பா, கதவைத் திற!"

காவலாளி இரண்டு கதவையும் அகலத் திறந்து விட்டார். அவள் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். கூரையை எப்போது சரிசெய்வீர்கள் என்று கேட்டாள். அடுத்த மாதத்துக்குள், மன்றச் செலவில்லாமல் ஒப்பந்தக்காரரே செய்து தருவார் என்று எல்லார் முன்னிலையிலும் தலைவர் சொல்ல வேண்டியதாயிற்று. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

மதியம் பேருந்துக் கூட்டம் மொத்தமும் அவள் வீட்டில் இருந்தது. மாமியார் தலைகால் புரியாமல் பக்கத்து வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் வாங்கி அடுப்பில் ஏற்றினார்.

"இத்தனை பேரும் உனக்கு எப்படிம்மா பழக்கம்?"

"இன்னைக்குத்தான் பாக்கறேன் அத்தை."

மாமியார் நம்பவில்லை. வானிலைக்காரரைத் தனியாகப் பிடித்து, துணி காயப் போடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கத்தினார். "விருந்தெல்லாம் அப்புறம். செய்தி எங்கம்மா?"

அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல், முதல் வரியைச் சொல்ல ஆரம்பித்தாள்.