ரோஷீனின் வால்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், எங்கள் கனமாராவில், கண்காட்சிப் போட்டிக்கு நிற்கும் குதிரையின் வால் இயற்கையாகத் தொங்க வேண்டும், பின்னக்கூடாது, வெட்டக்கூடாது. கண்காட்சி நாள் காலை டீலியா மேனியன் லாயக் கதவைத் திறந்தாள். நேற்றுவரை குளம்பைத் தொட்ட அவள் குதிரை ரோஷீனின் வெள்ளை வால் முழங்காலுக்கு மேலேயே முடிந்திருந்தது. வைக்கோலில் ஒரு முடிகூட இல்லை. ரோஷீனுக்குத் துணையாக வளரும் ஆடு மட்டும் மூலையில் படுத்திருந்தது.

முந்தின நாள் மாலை லாயத்துக்கு வந்துபோனவன் பக்கத்து நிலத்து ஃபெஸ்டி ஒருவன்தான். மேவ் என்ற அவன் குதிரையும் அதே போட்டியில் இருந்தது. புருஷன் செத்த இந்தப் பதினோரு வருஷமாக அவள் வீட்டுப் பாதையில் ஏறி வருகிறவனும் அவன் ஒருவன்தான். அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. கோபத்தில் புத்தி நன்றாக வேலை செய்வதுபோலத்தான் இருக்கும், பாழாய்ப்போன புத்தி.

மைதானத்தில், நடுவர் முன்னால், ஊரே பார்க்கக் கத்தினாள்.

"ஏன்டா ஃபெஸ்டி, கூடவே இருந்து குழி பறிச்சியா?"

காவலர் அவன் கோட்டுப் பையைத் துழாவினார். கைக்குட்டைதான் வந்தது.

"கத்தரிக்கோலை வழியிலயே வீசியிருப்பான்!" என்று கூட்டத்தில் ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஃபெஸ்டி மேவை வெளியே நடத்திக்கொண்டு போனான்.

மதியம் வீட்டில், மிஞ்சிய வாலைத் தடவியபடி டீலியா அழுதுகொண்டிருந்தாள். ஆடு எழுந்து வந்தது. அவள் கையிலிருந்த முடியையே இழுத்து மென்றது. ஆறு வருஷம் ஒரே லாயத்தில் இருந்தும் ஒரு முடியைத் தொடாத ஆடு!

ஒரு முடியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனித்தது. காற்றில் பறக்காமல் படியட்டுமென்று, மாட்டுக்காரர்கள் செய்வதைப் பார்த்து, இந்த வருஷம்தான் வாலைச் சர்க்கரைத் தண்ணீரில் அலசியிருந்தாள்.

ஃபெஸ்டி வீட்டுக்கு ஓடினாள். அவன் லாயம் காலியாகக் கிடந்தது.

"மேவ் எங்கடா?"

"மைதானத்துலயே வித்துட்டேன். வடக்கே டோனிகால்லேருந்து வந்த ஆளுக்கு."

"அவளையா?"

"என் பையைத் துழாவின இடத்துல இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கிறது?"

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். "ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல நின்னு சொல்றேன்டா. ஆடுதான்னு, நான்தான்னு."

"சொல்லு. நல்லா சிரிப்பாங்க."

"என்னை ரெண்டு திட்டாவது திட்டு."

"திட்ட என்ன இருக்கு டீலியா? நேத்து அந்த லாயத்துல ஆடும் இருந்துச்சு, நானும் இருந்தேன். உனக்கு என்னைத்தான் தோணுச்சு."

மெதுவாகத்தான் கதவைச் சாத்தினான். பிறகு தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் பகலில் யாரும் தாழ் போடுவதில்லை.