கலையரங்கத்துச் சாவி

விளக்கு வைத்த பிறகு எந்தச் சாவியும் கைமாறக் கூடாது என்பது தனுஷ்கோடி வீட்டு வழக்கம். பருத்திக் கடைச் சாவி, கிட்டங்கிச் சாவி, இரும்புப் பெட்டிச் சாவி எல்லாம் சாயங்காலமானால் லட்சுமி படத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். கல்லூரிக்கு அவர் கலையரங்கம் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து அந்தச் சாவியும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

தேக்கு நாற்காலிகள், வழுவழுவென்ற வெள்ளை மொசைக் தரை, பட்டுத் திரை. மதுரையில்கூட இப்படியொன்று இல்லையென்று வந்தவர்கள் சொன்னபோது அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அழுக்காகிவிடுமே என்று ஆண்டுவிழாவுக்கு மட்டும் திறந்துவிட்டார். சந்நிதியைப் போல அதைக் காப்பதே புண்ணியம் என்று உண்மையாகவே நம்பினார்.

அன்று ஐப்பசி மழை. விளக்கு வைத்துத் திருநீறு பூசிக்கொண்டு திரும்பியவர், வாசலில் நாலைந்து மாணவர்கள் நனைந்தபடி நிற்பதைப் பார்த்தார்.

"ஐயா, நாளைக்கு மதுரையில நாடகப் போட்டி," என்றான் முன்னால் நின்ற ரத்தினம். "வேப்பமரத்தடியிலதான் பழகுனோம். மழை கெடுத்துருச்சு. மேடையில ஒரு தடவ நின்னு பாத்துட்டோம்னா..."

"பகல்ல வரக்கூடாதாப்பா? விளக்கு வச்சப்புறம் சாவி குடுக்கிறதில்ல."

"பகல்ல கிளாஸ் இருக்குங்கய்யா. அழகுத்தாய் கொரலு மூணாவது வரிசைக்கே எட்டாது. அங்க போயி மானம் போயிரும்."

"நீ மொதல்ல ஒன் வசனத்த மறக்காம இரு," என்றாள் பின்னால் நின்ற அழகுத்தாய், விடுதியில் தங்கிப் படிக்கும் பாலவனத்தம் கிராமத்துப் பெண். மற்றவர்கள் சிரித்தார்கள்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சௌந்தரம் வந்தாள். "என்னங்க, அடுத்தவுக கையிலதான குடுக்கக் கூடாது? நீங்களே மடியில சொருகிட்டுப் போங்க. மகாலட்சுமி கோவிச்சுக்கிட மாட்டா."

தனுஷ்கோடி சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். குடையை எடுத்துக்கொண்டார்.

அரங்கக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். ஒருவரும் உள்ளே வரவில்லை. எல்லோர் காலிலும் கணுக்கால்வரை கரிசல் அப்பியிருந்தது. அவர்கள் வெள்ளைத் தரையைப் பார்த்தார்கள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்கள். தனுஷ்கோடி தோளிலிருந்த சரிகைத் துண்டை எடுத்து வாசற்படியில் விரித்தார்.

"தொடச்சிட்டு வாங்க."

"ஐயா துண்டுல போயி எப்படிங்கய்யா..." ரத்தினம் தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தான்.

அவரே முதலில் ஏறி நின்று இரண்டு பாதங்களையும் அழுத்தித் துடைத்தார். அதன்பிறகுதான் அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். மேடையேறிய அழகுத்தாய் தன் வசனத்தைச் சொன்னாள்.

"கேக்கல தாயி."

மறுபடி சொன்னாள். உண்மையில் அப்போதே கேட்டுவிட்டது. "இன்னும் கேக்கல" என்றார். அவள் கண்ணை மூடித் திறந்து, அடிவயிற்றிலிருந்து சொன்னாள். அந்தக் குரல் சுவரெல்லாம் தொட்டுத் திரும்பியது. தான் எழுந்து நிற்பது அவருக்குச் சற்றுக் கழித்தே தெரிந்தது.

மடியிலிருந்த சாவியை எடுத்து ரத்தினத்தின் உள்ளங்கையில் வைத்தார். "பூட்டிட்டு வாட்ச்மேன்கிட்ட குடுத்துரு. இனிமே அவருகிட்டயே இருக்கட்டும்."

வெளியே தூறல் மிச்சமிருந்தது. எதிர் டீக்கடையில் சீனிச்சாமி, ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அண்ணாச்சி, ஒங்க கட்டடத்துல யாரு, சினிமாக்காரவுகளா?"

"நம்ம பிள்ளைக," என்றார் தனுஷ்கோடி.

எம்.ரெட்டியபட்டி பஸ் வந்து நின்றது. மழைக்காக ஜன்னல்களில் இறக்கிவிட்டிருந்த தார்ப்பாய்களை ஒவ்வொருவராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்தவர்கள் வெளிச்சமாயிருந்த அரங்கத்தை எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டரும் விசிலை வாயில் வைத்தபடியே, ஊதாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.