வளையத்தில் படுமுன்

அறுபத்தொன்றாம் வருசம் நானுஓயாவில் நடந்த பாஸ்கட்பால் போட்டியில் டிக்கோயா தோட்டத்து அணி தோற்றதற்குக் காரணம் அழகன்தான். அழகனைத் தவிர எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆட்டம் முடியும் நேரம். எதிரணியான ரயில்வேக்காரர்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். அவர்களில் ஒருவன், பந்தெறியப் போன தோட்டத்து அணிச் சோலைமலையின் கையில் அடித்துவிட்டான். ஹட்டனில் புடவைக்கடை வைத்திருக்கும் அலியார் முதலாளிதான் நடுவர். பவுல் என்று சொல்லி, யாரும் மறிக்காமல் கூடைக்கு எறிய இரண்டு ப்ரீ த்ரோ கொடுத்தார்.

சோலைமலை தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கிறவன். நிதானமான ஆள். முதல் பந்தை உள்ளே போட்டான். இரண்டு பக்கமும் சமம்.

இரண்டாவதற்குக் கை தூக்கினான். கூடைக்கு முன்னாலுள்ள கட்டத்தின் ஓரத்தில் அழகன் நின்றான். சோலைமலையின் தங்கை வீரம்மாவைக் கட்டியவன். எறிந்த பந்து வளையத்திலோ பலகையிலோ படும்வரை யாரும் அந்தக் கட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது. அழகனுக்கு அது தெரியாததல்ல. ஆனாலும் பந்து கையை விட்டதுமே பாய்ந்துவிட்டான்.

பந்து சுத்தமாக உள்ளே விழுந்தது. அதற்கு முன்பே விசில் கேட்டுவிட்டது.

"எறிஞ்சவர்ட ஆளே முந்திட்டாரு. புள்ளி செல்லாது" என்றார் அலியார். பந்து ரயில்வே பக்கம் போனது. சமமாகவே நேரம் முடிந்ததால் கூடுதல் நேரம் ஆட வேண்டியதாயிற்று. அதில் ரயில்வே ஜெயித்தது.

திரும்பி வரும்போது ரயிலில் மச்சானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு சன்னல் பக்கம் உட்கார்ந்தார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த காம்பராதான். இருந்தும் பேச்சில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியில் எதிர்ப்பட்டால் ஒருவர் போகும்வரை மற்றவர் தள்ளி நின்றார். வீரம்மா பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் அண்ணனைக் கூப்பிட்டு, புருசனுக்கு எதிரே உட்கார வைத்தாள்.

"ஒரு பந்துக்காகவாண்ணே இப்புடி மூஞ்சத் திருப்பிக்கிட்டுத் திரியிறீங்க?"

"பந்துக்காக இல்ல வீரம்மா. எதுக்குப் பாஞ்சான்னு அவனையே கேளு."

"வெளிய வந்தா புடிக்கத்தான்" என்றான் அழகன்.

"வெளிய வரும்னு ஒனக்கு யாரு சொன்னா? நான் தவற விட்டுருவேன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டல்ல?"

அழகன் தலையாட்டினான்.

"ஆமா மச்சான். மொதப் பந்தே விழாதுன்னுதான் நெனச்சேன்."

வீரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சோலைமலை ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், அணிக்காரர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடிப் பழகினார்கள்; மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே பக்கம். சோலைமலைக்கு ப்ரீ த்ரோ கிடைத்தது. அழகன் கட்டத்தின் பக்கமே வராமல் நடுக்கோட்டில் போய் நின்றுகொண்டான். பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. பிடிக்க அழகன் அங்கே இல்லாததால் பந்து எதிர்ப்பக்கம் போனது. அடுத்த தடவையும் அதே கதை.

"அங்க என்னய்யா பண்ற?" என்று சோலைமலை கத்தினான். அத்தனை நாளுக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் பேச்சு.

"நீங்க போட்டுருவீங்கன்னு நம்பி நிக்கிறேன் மச்சான்."

களத்தில் எல்லாரும் சிரித்தார்கள். சோலைமலைக்கும் அடக்க முடியவில்லை.

"நம்புனது போதும் மாப்புள. நானும் தவற விடுவேன். வந்து பக்கத்துல நில்லு. ஆனா பட்டதுக்கு அப்புறம் பாய்."

அழகன் வந்து நின்றான். இந்தத் தடவையும் பந்து வளையத்தில் மோதி வெளியே வந்தது. அவன் எட்டிப் பிடித்து, அங்கிருந்தபடியே உள்ளே போட்டான்.

சோலைமலை அடுத்த பந்துக்குக் கையை நீட்டினான்.