நூறு சதவீதப் பள்ளிக்கூடம்

நடவு வயலிலிருந்து காலில் சேறு காயாமலே ஓடி வந்தாள் வேம்பு. அத்தை மகள் அம்சவல்லி திருத்துறைப்பூண்டியிலிருந்து சேதி கொண்டுவந்திருந்தாள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. ஒரு பரீட்சை வைப்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேறாதவர்களும் மனுப் போடலாம்.

"பெயிலானாலும் எடுத்துக்கிறாங்களாடி?" வேம்புவுக்கு வாயெல்லாம் பல். ஐந்து வருஷமாக நடவும் களையுமாகக் குனிந்து கிடந்தவளுக்கு அன்றைக்குத்தான் ஒரு வழி தெரிந்தது.

அம்சவல்லி மாதிரிக் கேள்வித்தாளைப் பிரித்துப் படித்தாள். இங்கிலீஷில் கோட்டை விட்டவள் அவள். கணக்கும் அவளுக்கு ஆகாது.

"ஒரு பள்ளியில் நூறு சதவீதம் தேர்ச்சி, இன்னொன்றில் அறுபது. முதல் பள்ளியில்தான் அதிகம் பேர் தேறினார்கள் என்பது சரியா? சரிதானேடி, நூறு பெருசில்ல?"

"எத்தனை பேர் எழுதுனாங்கன்னு சொல்லலையே. எங்க பள்ளிக்கூடத்துல ஏழு பேர் எழுதி ஏழும் பாஸ், நூறு. உங்க பள்ளிக்கூடத்துல நாப்பது பேர் எழுதி இருபத்துநாலு பாஸ், அறுபது. இப்ப எது அதிகம்?"

ஏழு என்பது வேம்புவின் வாயில் சும்மா வரவில்லை. வகுப்பில் இருந்தது பத்தொன்பது பேர். ஆட்சி மாறியும் கூலிக்கு அடிதடி ஓயாத வருஷம் அது. கூலி கூட்டிக் கேட்ட தகராறில் வேம்புவின் அப்பா தங்கையன் ஜெயிலில் இருந்தார். அவள் ஒரு மாசம் பள்ளிக்கூடம் போகவில்லை. நிச்சயம் தேறுவார்கள் என்ற ஏழு பேரை மட்டும் பரீட்சைக்கு அனுப்பினார் ஹெட்மாஸ்டர். நூறு சதவீதம் காட்டி மாலையும் வாங்கிக்கொண்டார் மகராசன். வீட்டுக்கு அனுப்பிய பன்னிரண்டு பிள்ளைகளைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

அம்சவல்லி தன் மனுவை நிரப்பிவிட்டுப் பேனாவை நீட்டினாள். வேம்பு பெயர் எழுதினாள், ஊர் எழுதினாள். அடுத்த வரி எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எண். பேனா அங்கேயே நின்றது.

"உன் நம்பரைப் போடுடி."

"எனக்கு ஏது நம்பர்? பரீட்சையே எழுத விடலையே."

அம்சவல்லி அறிவிப்பை மறுபடி படித்தாள். எழுதித் தேறாதவர்கள் என்றுதான் இருந்தது.

"பாஸ் வேணாம்டி," என்றாள் வேம்பு. "என்னைப் பெயிலாகவாவது விட்டிருக்கலாமில்ல?" சேறு காய்ந்த கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு கேவிக் கேவி அழுதாள்.

அம்சவல்லி கேள்வித்தாளை மெல்ல மடித்தாள். வேம்பு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அதைப் பிடுங்கிப் பிரித்து அவளிடமே நீட்டினாள்.

"மடிக்காத. அடுத்த கேள்வியைப் படி, சொல்லித்தாரேன். நீ எழுதணுமில்ல."